பஸ்ஸில் வருகிற ப

ரெக்ஸின் சோபா தொடையோடு ஒட்டிக்கொள்கிறது, நகர்ந்தால் சர்ரென்று ஒரு சத்தம் வருகிறது, இந்தச் சத்தத்தை இரண்டே நாளில் வாயால் போட்டுவிடுவேன், வகுப்பில் யாராவது உட்காரும்போது பின்னாலிருந்து போட்டால் செத்தான், ஆனால் இப்போது அது வேண்டாம், இப்போது யோசிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான், ஆபோவை இங்கிருந்து எப்படிக் கிளப்புவது. மதியம் இரண்டேகால். சாலிகிராமத்தில் ஒரு டப்பிங் தியேட்டரின் முன்னறை. ஆபோ என்றால் அப்பா. எங்கள் சோமாலியில் மகன் அப்பாவை ஆபோ என்பான், அப்பாவும் மகனை ஆபோ என்பார், இங்கே மகனைப் பார்த்து வாப்பா போப்பா என்கிற மாதிரிதான். இந்த ஆபோ என் பக்கத்தில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறார், இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா, மடியில் பிளாஸ்டிக் ஃபைல். ஃபைலுக்குள் ஒரு சினிமாக் கடற்கொள்ளைக்காரனுக்காக நான் பேச வேண்டிய பதினொரு வரிகள் இருக்கின்றன. தமிழில் அனுப்பியிருந்தார்கள், மூன்று நாள் உட்கார்ந்து சோமாலியில் எழுதியிருக்கிறார், நேற்றுகூட என்னைக் கூப்பிட்டு வைத்து, "கொளுத்திடுவேன்னு இருக்கு. கப்பலையா, ஆளையா? செயப்படுபொருள் இல்லாம ஒருத்தன் எப்படிக் கொளுத்துவான்?" என்று கேட்டார். எதையாவது கொளுத்தட்டும் விடுங்கள் என்றேன். விடவில்லை. இரண்டு விதமாகவும் எழுதி, ஒன்றுக்குக் கீழே பென்சிலில் கோடு போட்டிருக்கிறார். "டீ குடிச்சிட்டு வாங்களேன், கூப்பிட்டா நான் போன் பண்றேன்" என்கிறேன், மூன்றாவது தடவையாக. "மொழிபெயர்ப்பாளர் இடத்தை விட்டு நகரக் கூடாது" என்கிறார், மூன்றாவது தடவையாக. தமிழில்தான் பேசிக்கொள்கிறோம், நாலு பேர் இருக்கிற இடத்தில் அவர்களுக்குப் புரியாத பாஷை பேசக் கூடாது என்பது அவர் சட்டம், பேசினால் நாம் எதையோ திட்டம் போடுகிறோம் என்று நினைப்பார்களாம். அவர்கள் கூப்பிட்டது எங்கள் சோமாலிக்காக இல்லை என்று இவருக்கு எப்படிச் சொல்வது. ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்கள். அதில் நான் ஒரு குரல் பண்ணுகிறேன், அந்தக் குரலுக்கு என் பள்ளிக்கூடத்தில் சோமாலியா மாமா என்று பெயர், அந்த மாமா யாரென்று எனக்கு மட்டும்தான் தெரியும், இதோ பக்கத்தில் உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறார்.

எல்லாம் ஒரு எழுத்தால் வந்தது. சோமாலியில் பட்டாணியில் வருகிற ப கிடையாது. பஸ்ஸில் வருகிற ப மட்டும்தான். ஆபோ பி.ஃபார்ம் படிக்க மெட்ராசுக்கு வந்தவர், படித்துக்கொண்டிருக்கும்போதே ஊரில் சண்டை வந்து திரும்பிப்போக வீடு இல்லாமல் போய், முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, தமிழ் பேப்பர் வரி விடாமல் வாசிப்பார், ழ சுத்தமாக வரும், என் தமிழ் மிஸ்ஸைவிட நன்றாக வரும், ஆனால் பல் என்றாலும் பழம் என்றாலும் பாயசம் என்றாலும் எல்லாவற்றுக்கும் அவர் போடுவது பஸ் ப. எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ப என்பதால் எழுதினால் பிடிக்க முடியாது, வாயைத் திறந்தால்தான் மாட்டுவார், மாட்டுவது அவருக்குத் தெரியாது. நான் எழும்பூரில் பிறந்தவன், என் ப பட்டாணி ப. எனக்கு எல்லார் குரலும் வரும். பழைய இரும்பு வண்டியின் ஸ்பீக்கர் வரும், கஸ்டமர் கேர் அக்கா வரும், மெட்ரோவில் கதவு மூடும்போது பேசுகிற அம்மா வரும். போன வருஷம் கரஸ்பாண்டன்ட் குரலில் ஆபீசுக்குப் போன் போட்டு, மழை அதிகமா இருக்கு பிள்ளைங்கள அனுப்பிச்சிடுங்க என்றேன், வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, ஆபீஸ் சார் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துவிட்டு சரிங்க சார் என்று பெல் அடித்தார். அப்படி ஒரு வாய் எனக்கு. அந்த வாயை வைத்துக்கொண்டு ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் கிரவுண்டில் நின்றிருந்தேன், பி.டி. சார் ஓட முடியாமல் நின்ற நவநீதனைப் பார்த்து, ஏன்டா சோமாலியா மாதிரி நிக்கற, சோறே திங்கலியா என்றார். நாற்பது தலை என் பக்கம் திரும்பியது. சார் தலையும் திரும்பியது, முகம் தொங்கிப்போனது, பாவம். "உன்னச் சொல்லலடா லிபான்" என்றார். என்னைச் சொல்லவில்லையாம். இந்த ஊரில் ஒல்லியாக இருக்கிற எல்லாரையும் அப்படித்தான் சொல்கிறார்கள், கல்யாணத்தில் இலையில் சாதம் குறைவாக வாங்கினால் சொல்கிறார்கள், எலும்பு தெரிகிற நாயைச் சொல்கிறார்கள், என் ஒருத்தனைத்தான் அதைச் சொல்ல மாட்டார்கள், சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார்கள். கிரவுண்டில் அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை, யாராவது அதை உடைக்க வேண்டும், நான்தான் உடைத்தேன், ஆபோ குரலை எடுத்து, பஸ் ப போட்டு, "பரவால்ல சார், பாவம் பையன், பசங்க இப்படித்தான்" என்றேன். கிரவுண்டே உருண்டது. சார் கண்ணில் தண்ணி வர வர சிரித்தார். ருசியாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன், அதுவரை யாரும் என்னை வைத்து அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அப்புறம் தினமும் கேட்டார்கள், மாமா பண்ணுடா, மாமா பண்ணுடா, நவநீதன் போனில் எடுத்துப் போட்டான், அது எங்கெங்கோ போய் இந்த சினிமாக்காரர் கைக்கு வந்துவிட்டது.

"கம்மியா பேசு உள்ள, நீர் குடிச்சுக்கோ, தொண்டை காயும்" என்று ஆபோ தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறார். தலையை ஆட்டுகிறேன். எதிர்ச் சுவரில் டிவி, சத்தமில்லாமல் நியூஸ், யாரோ நாலு பேர் பெட்டிக்குள் பெட்டியாகக் கத்துகிறார்கள், அதில் எங்கள் ஊர் வராது, எங்கள் ஊர் வந்தால் இரண்டே படம்தான் வரும், கண்ணில் ஈ மொய்க்கிற குழந்தை, இல்லாவிட்டால் படகில் துப்பாக்கியோடு நிற்கிற ஆள். நடுவில் ஒருத்தர் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருக்கிற படம் வரவே வராது. ஆட்டோக்காரர் ஒருத்தர் கேட்டார், "சோமாலியாங்கறீங்க, தொப்பை இருக்கே சார்." ஆபோ வயிற்றைத் தட்டி, "இது மெட்ராஸ்ல வாங்கினது" என்றார், இரண்டு பேரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அரும்பாக்கத்தில் வீடு பார்க்கப் போன அன்றைக்குக் காலையில் அவர் கண்ணாடி முன் நிற்பதைப் பார்த்துவிட்டேன், வயிற்றை உள்ளே இழுத்தார், அப்புறம் வெளியே விட்டார், மறுபடி இழுத்தார், எது நல்லது என்று முடிவு பண்ண முடியவில்லை, ஒல்லியாகத் தெரிந்தால் பிச்சை, தடியாகத் தெரிந்தால் கொள்ளை. கடைசியில் ஃபைலை எடுத்து வயிற்றுக்கு நேரே பிடித்துக்கொண்டு கிளம்பினார். அந்த வீட்டுக்காரர் போனில் வாங்க சார் வாங்க சார் என்றவர்தான், நேரில் பார்த்ததும் வாசலிலேயே நிறுத்தி, "எனக்கு ஒண்ணும் இல்ல சார், அசோசியேஷன்ல ஒத்துக்க மாட்டாங்க" என்றார். அசோசியேஷன் என்கிற அந்த ஆள் யார் என்று பார்த்து அவர் குரலையும் ஒரு நாள் பிடிக்க வேண்டும். எதற்குக் கோபப்படுவது என்றே தெரியாமல் ஒரு கோபம், சொறிந்தால் இடம் மாறுகிற அரிப்பு மாதிரி. வியாழக்கிழமை வீட்டில் கத்தியேவிட்டேன். "கொள்ளைக்காரன் ஆபோ. நம்மளக் கொள்ளைக்காரனாக் காட்றாங்க, நீங்க அதுக்கு இலக்கணம் பாத்துட்டு இருக்கீங்க. உங்களுக்குக் கோபமே வராதா?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஊரிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பதுதான் அவர் வேலை, நோயாளி சொன்னதை நோயாளியாகவே சொல்ல வேண்டும், எனக்கு வலிக்குது டாக்டர், எனக்குத் தூக்கமில்லை டாக்டர். "நான் வாரத்துல நாலு நாள் எனக்குக் கேன்சர்னு சொல்றேன். எனக்கா கேன்சர்?" என்றார். அப்புறம் கண்ணாடியைத் துடைத்தபடியே, "கொள்ளைக்காரனாவே இருக்கட்டும். நல்ல சோமாலி பேசட்டும். தியேட்டர்ல உக்காந்து தமிழ் ஜனங்க நம்ம பாஷையைக் கேக்கப்போறாங்க" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்ததைத்தான் நான் இப்போது சோபாவில் உட்கார்ந்து சுமந்துகொண்டிருக்கிறேன்.

"தம்பி, வாப்பா. சார் நீங்களும் வாங்க, ஏசில உக்காருங்க." கதவைத் திறந்தவர் தணிகைவேல், படத்தின் அசோசியேட் டைரக்டர், போனில் பேசினவர், கழுத்தில் துண்டு. போச்சு. ஆபோ எழுந்துவிட்டார். ரெக்ஸின் சர்ரென்கிறது. உள்ளே குளிர், கம்பளம் ஒட்டின சுவர், காது அடைத்த மாதிரி ஒரு அமைதி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், மைக், ஹெட்போன், ஸ்டாண்டில் ஆபோ எழுதின தாள். அந்தப் பக்கம் அவர்கள் மூன்று பேர், சவுண்ட் என்ஜினியர் பெனடிக்ட், தணிகைவேல், நடுவில் ஆபோ. கன்சோலில் ஒரு பட்டனை அமுக்கிக்கொண்டு பேசினால்தான் எனக்குக் கேட்கும், விட்டால் மீன் தொட்டி. பெனடிக்ட் அந்தப் பட்டனை ஆபோவுக்குக் காட்டிக்கொடுப்பது தெரிகிறது, ஆபோ மரியாதையாக ஒரு விரலால் தொட்டு, "ஆபோ, கேக்குதா?" என்கிறார், காதுக்குள்ளே, மூளைக்குப் பக்கத்தில் அந்தக் குரல். கேக்குது. திரையில் லூப் ஓடுகிறது, நான் பேச வேண்டிய துண்டு மட்டும் திரும்பத் திரும்ப. கப்பல் மேல்தளம், கதாநாயகனைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள், துப்பாக்கியோடு ஒரு ஆள் அவன் மூஞ்சிக்கு முன்னால் வந்து கத்துகிறார். ஆபோ பட்டனை அமுக்கி, "இவர் சோமாலி இல்ல" என்கிறார். தணிகைவேல் குனிந்து, "காலேஜ் படிக்கிற பையன் சார், கானாவோ கென்யாவோ, வாய அசைன்னோம், ஒன் டூ த்ரீ சொல்லிட்டான்" என்கிறார். நிஜம்தான், உற்றுப் பார்த்தால் தெரிகிறது, கொள்ளைக்காரன் கண்ணை உருட்டிக்கொண்டு ஒன் டூ த்ரீ ஃபோர் சொல்கிறான், அந்தப் பையனுக்கும் ஒரு ஹாஸ்டல் இருக்கும், முன்னால் நின்று பார்க்க ஒரு கண்ணாடி இருக்கும். சிவப்பு விளக்கு. நான் ஆபோவின் தாளைப் படிக்கிறேன். நன்றாகவே படிக்கிறேன், தொண்டையின் அடியிலிருந்து வருகிற எழுத்தெல்லாம் அடியிலிருந்தே வருகிறது, அவர் எழுதியிருப்பது அழகாகத்தான் இருக்கிறது, ஒரு வரியில் எதுகை கூட வைத்திருக்கிறார் மனுஷன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் உதடு என்னோடு சேர்ந்து அசைகிறது. முடிந்தது. தணிகைவேல் துண்டால் கழுத்தைத் துடைக்கிறார். பட்டன். "தம்பி, சூப்பர். ஆனா என்னன்னா, நிஜ சோமாலி மாதிரி இல்லியே." ஆபோ, "இது நிஜ சோமாலிதான் சார்" என்கிறார். "தெரியுது சார். உங்களுக்குத் தெரியுது. ஜனங்களுக்குத் தெரியணும்ல. இது ஏதோ மந்திரம் ஓதற மாதிரி சாஃப்டா இருக்கு. இவன் ஒரு கொள்ளைக்காரன், காமெடியாவும் இருக்கணும். தம்பி, அந்த வீடியோல பண்ணியே, அதே குரலு. நடுநடுவுல தமிழ் வார்த்தை போட்டுக்கோ, மீதிக்கு ஹபா கபான்னு எதையாவது அடிச்சு விடு." ஆபோவின் தலை மெதுவாக அவர் பக்கம் திரும்புகிறது. "என்ன வீடியோ?"

பட்டன் விட்டுப்போகிறது. மீன் தொட்டி. தணிகைவேல் போனை எடுக்கிறார், கட்டை விரலால் தேய்க்கிறார், வேண்டாம் சார், வேண்டாம், நெட் வரக் கூடாது, உள்ளே டவர் கிடைக்கக் கூடாது, கம்பளச் சுவர்தானே, கிடைக்கிறது. ஆபோ போனை வாங்கி, திரையைப் பார்க்காமல் காதில் வைத்துக்கொள்கிறார், கண்ணை மூடிக்கொள்கிறார், நோயாளி படுக்கைக்குப் பக்கத்தில் இப்படித்தான் நிற்பார், தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு சொல்லும் தப்பிவிடக் கூடாது என்று. அதனால் வீடியோவில் என் மூஞ்சியை அவர் பார்க்கவே இல்லை. எனக்கு எதுவும் கேட்கவில்லை, கேட்க வேண்டியதுமில்லை, நொடி நொடியாக மனப்பாடம். இப்போது மாமா பஸ் ஸ்டாப்பில் நிற்கிறார். இப்போது, தம்பி பாரிமுனை பஸ் எப்ப புறப்படும், எல்லாமே பஸ் ப. இது நிஜமாகவே அவர் கண்டக்டரிடம் கேட்டது, பக்கத்தில் நான் நின்றேன். இப்போது கண்டக்டர், அது என் இன்னொரு குரல். இப்போது மாமா, பத்து பரோட்டா, பசிக்குதுப்பா, பசிக்குது. இப்போது பின்னாலிருந்து பையன்கள் சிரிக்கிற சத்தம், கேமரா ஆடும், நவநீதன் கை ஆடியது. முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை, ஆபோ மறுபடி முதலிலிருந்து கேட்கிறார். தணிகைவேல் அவர் தோளுக்கு மேல் சிரித்துக்கொண்டிருக்கிறார். பெனடிக்ட் சிரிக்கவில்லை. பெனடிக்ட் ஆபோவைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், நாள் முழுக்கக் குரல்களோடு உட்கார்ந்திருக்கிற ஆள், அவருக்குத் தெரிந்துவிட்டது, அவர் கன்சோலைக் குனிந்து பார்த்து எதையோ துடைக்கிற மாதிரி துடைக்கிறார். என் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மைக் ஸ்டாண்டைப் பிடித்தால் சத்தம் வரும். ஆபோ கண்ணைத் திறந்து பட்டனைத் தொடுகிறார்.

"யாரு ஆபோ இது?" என்கிறார். "பாவம், இவருக்குப் ப வரலையே. பரோட்டா, பாரிமுனை, எல்லாம் தப்பா வருது. புதுசா வந்தவரா?" அத்தனை ப-வும் பஸ் ப. ஹெட்போனில், காதுக்கு ஒரு விரல்கடை தூரத்தில். "நம்பர் இருந்தா கொடு, நான் சொல்லித் தரேன். ஆரம்பத்துல எனக்கும் கஷ்டமாத்தான் இருந்தது." தணிகைவேல் வெடித்துச் சிரித்துவிட்டார், சார் நல்லா காமெடி பண்றீங்க என்று தோளில் தட்டுகிறார், அவரும் புரியாமல்தான் சிரிக்கிறார், ஆபோவும் மரியாதைக்குச் சிரிக்கிறார். தப்பித்தேன். அதுதானே வேண்டும் என்று மதியத்திலிருந்து தவித்தேன், தெரியவில்லை அவருக்கு, தெரியாது, தன் குரல் எப்படியிருக்கும் என்று யாருக்குத்தான் தெரியும், ஒரு நாள் அவர் அனுப்பின வாய்ஸ் மெசேஜையே போட்டுக் காட்டினேன், இது யார் என்றார். இனி ஒன்றுமில்லை, வாயைத் திறந்து மாமா பண்ணிவிட்டு, ஹபா கபா அடித்துவிட்டு, வீட்டுக்குப் போகலாம், போகிற வழியில் அவர் பஸ் ஸ்டாப்பில் யாரோ ஒரு பாவப்பட்ட புது ஆளைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டே வருவார், ப சொல்லித்தர ஒரு நோட்டு கூடப் போடுவார். நான் அந்த ஆளின் நம்பரைத் தேடுவதுபோல நடிக்க வேண்டும், ஒரு வாரம், ஒரு மாதம், கேட்டுக்கொண்டே இருப்பார், மறக்கிற ஆள் இல்லை. படம் வரும். தியேட்டரில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து நம் பாஷை எப்போது வரும் என்று காத்திருப்பார். "ரெடியா தம்பி? நல்லா திறந்து பண்ணு, வெக்கப்படாத." சிவப்பு விளக்கு. கப்பல். அந்தக் காலேஜ் பையன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வருகிறான், ஒன், வாயைத் திறக்கிறான், டூ, நானும் திறக்கிறேன், தொண்டையில் மாமா வந்து நிற்கிறார், தொப்பையோடு, ஃபைலோடு, கூப்பிட்டால் வந்துவிடுகிற மாதிரி எப்போதும் தயாராக, த்ரீ, ஃபோர், பையன் வாயை மூடிவிட்டான், லூப் முடிந்துவிட்டது, நான் இன்னும் வாயைத் திறந்தபடியே நிற்கிறேன். "என்னாச்சு? இன்னொரு வாட்டி போடுங்க பெனடிக்ட்." மறுபடி கப்பல். மறுபடி ஒன்.

"ஆபோ, அது நீங்க."

"இது டயலாக்லயே இல்லியே தம்பி" என்கிறார் தணிகைவேல். பெனடிக்ட் அவர் முழங்கையைத் தொடுகிறார். ஆபோ கண்ணாடி வழியே என்னைப் பார்க்கிறார், எந்த வாக்கியத்தையும் உடனே மொழிபெயர்க்க மாட்டார், முழுசாக வந்து முடியட்டும் என்று ஒரு மூச்சு விடுவார், அந்த ஒரு மூச்சு. தணிகைவேலின் போனைத் தன் சட்டையில் துடைத்து, இரண்டு கையாலும் அவரிடம் கொடுக்கிறார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பட்டனை அமுக்குகிறார். தமிழில்தான் கேட்கிறார், நாலு பேர் இருக்கிற இடமல்லவா.

"இத எல்லாரும் கேட்டாங்களா?"

"ஸ்கூல் பூரா. வெளியிலயும்."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

"எந்த இடத்துல?"

எனக்கு எல்லார் குரலும் வரும், இப்போது கஸ்டமர் கேர் அக்கா வந்தால்கூடப் போதும், யாரும் வரவில்லை. சிவப்பு விளக்கு இன்னும் எரிகிறது, எல்லாம் பதிவாகிக்கொண்டிருக்கிறது. அவர் விரல் பட்டனை விடவில்லை, அவர் மூச்சு என் காதில் வந்து போகிறது.

"பசிக்குதுன்னு வருதில்ல ஆபோ, அந்த இடத்துல."

அவர் யோசிக்கிறார். நிஜமாகவே யோசிக்கிறார், முப்பது வருஷத்தையும் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிற மாதிரி.

"நான் இந்த ஊர்ல யார்கிட்டயும் அப்படிச் சொன்னதில்லையே."

"இல்ல ஆபோ. அது நான் சேர்த்தது."